அழாத குழந்தைக்கு வலி இல்லையாம்

குழந்தைகள் ஐ.சி.யூ.வில் நர்ஸ் வேலை என்றால் ஊசி குத்துகிற வேலை என்று வெளியே நினைக்கிறார்கள். வாயில் குழாய் சொருகியிருப்பதால் சத்தமே வராத ஒரு குழந்தைக்கு எங்கே, எவ்வளவு வலிக்கிறது என்று கண்டுபிடித்து, அதைப் பெரியவர்களை நம்ப வைக்கிற வேலை அது. கண்டுபிடிப்பது சுலபம். நம்ப வைப்பதில்தான் என் ஆயுசில் பாதி போனது.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தேன். எட்டுப் படுக்கை. பெயர் எதற்கு? அந்தக் காலத்தில் எந்த ஆஸ்பத்திரியும் ஏறக்குறைய அப்படித்தான். நீங்கள் நர்ஸாக இருந்தவர் என்றாலும் சரி, பெற்ற பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவர் என்றாலும் சரி, நீங்கள் என் கட்சி. உங்களிடம்தான் சொல்கிறேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இத்தனை வருஷம் பார்த்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை.

கன்னுக்குட்டி

நான் சேர்ந்த புதிது. பிறந்து பதினோரு நாளான ஆண் குழந்தை. குடல் முறுக்கிக்கொண்டு ஆபரேஷன் முடிந்து, வயிற்றின் குறுக்கே தையலோடு வந்தது. ஆபரேஷன் சமயத்தில் மயக்கம் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வலிக்கென்று ஒரு சொட்டு மருந்தும் கேஸ் ஷீட்டில் இல்லை. துணி மாற்றுவதற்காக மெதுவாகத் திருப்பினால், உடம்பு கட்டையாக விறைக்கும். புருவம் இரண்டும் நடுவில் வந்து முட்டும். மானிட்டரில் நாடித்துடிப்பு இருநூறைத் தாண்டும். எங்கள் பிரிவின் தலைவரை எல்லாரும் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வோம். அவர் ரவுண்ட்ஸ் வந்தபோது சொன்னேன். "சிஸ்டர், பச்சைக் குழந்தைக்கு நரம்பே இன்னும் முழுசா வளரலை. வலி தெரியாது" என்றார். நிரூபிப்பதற்காகக் குதிகாலை ஒரு கிள்ளு கிள்ளினார். குழந்தையின் முகம் கசக்கிய காகிதம் மாதிரி சுருங்கியது. "பாரு, அழக்கூட இல்லை." தொண்டைக்குள் குழாய் போட்டிருக்கிறது. எப்படி அழும்? இதை ஒரு பெரிய படிப்புப் படித்தவருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பயந்துகொண்டு சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தப் பயத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் எரிகிறது.

படுக்கையின் கால்மாட்டில் குழந்தையின் அப்பா நின்றிருந்தார். கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டமும் மாடும் வைத்திருக்கிற விவசாயி. ஐந்து நிமிஷம் பார்க்க அனுமதித்திருந்தார்கள். பச்சை கவுனை முன்பின்னாக மாட்டியிருந்தார். அந்தக் குழந்தை பிழைத்துப் போனது, வலி மருந்தே இல்லாமல், தன் சொந்தத் தெம்பில். அன்றைக்கு அந்த அப்பா இதைக் கேட்டதும் பெரிய டாக்டர் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டார். "ஏனுங்க டாக்டரய்யா, பொறந்த அன்னைக்கே கன்னுக்குட்டி மேல ஈ உக்காந்தாத் தோலைச் சிலுப்புமுங்க. எம்பையனுக்கு அந்த அளவுக்குக் கூடவா உசிரு இல்லை?"

நல்ல பிள்ளை

பூங்கொடிக்கு ஆறு வயது. பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் கொதிக்கிற பாகு இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் கொட்டிவிட்டது. தினமும் காலை பத்து மணிக்குக் கட்டுப் பிரித்து, ஒட்டிய துணியை உரித்து, கழுவி, மறுபடி கட்ட வேண்டும். முதல் நாள் அவள் போட்ட சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்டதாம். மூன்றாம் நாளிலிருந்து சத்தமே இல்லை. "குழந்தை அமைதி. நன்றாக ஒத்துழைக்கிறது" என்று ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதினேன். அதே பக்கத்தில், அதே பேனாவால், நாடித்துடிப்பு நூற்றெழுபது என்றும் எழுதினேன். இரண்டும் என் கையெழுத்து. இரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்குத் தோன்றவில்லை. கன்னத்தைத் தட்டி "நல்ல பிள்ளை" என்று வேறு சொன்னேன்.

ஐந்தாம் நாள் துணியை உரிக்கும்போது அவள் வாயோரம் ரத்தம். கீழுதட்டை உள்பக்கமாகக் கடித்துக் கிழித்திருந்தாள். உரிப்பதை நிறுத்திவிட்டேன். "ஏங்கண்ணு, வலிச்சா அழ வேண்டியதுதானே?" என்றேன். அவள் கதவைப் பார்த்தாள். மெதுவாகப் பேச்சுக் கொடுத்ததும் விஷயம் வெளியே வந்தது. இரண்டாம் நாள் யாரோ ஒரு சிஸ்டர், அழுதால் அம்மாவை உள்ளே விட மாட்டோம் என்று மிரட்டியிருக்கிறார். அன்றைக்கு ட்யூட்டியில் மூன்று பேர். மூன்றில் ஒருத்தி நான். நான் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ண எனக்கு இன்றுவரை தைரியம் இல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாரும் எல்லாக் குழந்தைக்கும் சொல்கிற வார்த்தைதான் அது. அப்படியே கட்டை மூடி வைத்துவிட்டுப் போய், மயக்க மருந்து டாக்டரிடம் சண்டை போட்டு, ஊசி போட வைத்த பிறகுதான் மிச்சத்தைப் பிரித்தேன். கண் சொருகுவதற்கு முன்னால் அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "நா இன்னைக்கும் அழவே இல்லீங்க சிஸ்டர். அம்மாவ உள்ள உடுவீங்களா?"

சொட்டு மருந்து

பத்து வயது சிவகுமாருக்கு நிமோனியா முற்றி, நெஞ்சுக்குள் சீழ் கட்டிவிட்டது. வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டுகிறான் என்று, தசையை முடக்குகிற மருந்து கொடுத்தார்கள். இந்த மருந்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். கொடுத்தால் கை, கால், இமை எதுவும் அசையாது. ஆனால் தூக்கம் வராது. வலி போகாது. அறிவு முழித்துக்கொண்டிருக்கும். அதனால் கூடவே தூக்கத்துக்கும் வலிக்கும் மருந்து கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. விலா இடுக்கில் கீறிக் குழாய் போட வந்தவர் டாக்டர் நிர்மலா. படிப்பு முடித்துப் புதிதாக வந்தவர், நல்ல மனுஷி. பையன் அசையாமல்தானே கிடக்கிறான் என்று, மரத்துப் போகிற ஊசியைக் கூடப் போடவில்லை.

நான் தலைமாட்டில் நின்றேன். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கிக் காதுக்குள் போனது. காட்டினேன். "கண்ணு காயாம இருக்கச் சொட்டு விட்டிருப்பீங்க சிஸ்டர், அது வழியுது" என்றார். "இன்னைக்கு நான் சொட்டே விடலைங்க டாக்டர்" என்றேன். மானிட்டரைப் பார்த்தார். காய்ச்சல்தான் நாடியை ஏற்றுகிறது என்று சொல்லிவிட்டு, எதிரே நின்ற சிஸ்டரிடம் பேசியபடியே வேலையை முடித்தார்.

பன்னிரண்டு நாள் கழித்துக் குழாயெல்லாம் எடுத்து, பையன் கட்டைக் குரலில் பேச ஆரம்பித்தான். நிர்மலா டாக்டர் ஆசையாகப் படுக்கையில் உட்கார்ந்து, "என்னைத் தெரியுதா தம்பி?" என்று கேட்டார். அவன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு குறை சொல்கிற தொனியே இல்லாமல், சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டான். "தீவாளிச் சேலையில கலரு சரியில்லைன்னு சிஸ்டர்கிட்டப் பேசிட்டே என்னைய அறுத்தீங்க. நா நிறுத்துங்க நிறுத்துங்கன்னு உள்ளுக்குள்ள கத்துனனே, உங்களுக்குக் கேக்கவே இல்லீங்களா?"

கிளி ஜோசியம்

நிர்மலா டாக்டர் மூன்றாம் நாள் எங்கிருந்தோ வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றின் ஜெராக்ஸோடு வந்தார். பேச முடியாத குழந்தையின் வலியை எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று அதில் இருந்தது. முகம் எப்படி இருக்கிறது, கால் உதைக்கிறதா விறைக்கிறதா, கை இறுகியிருக்கிறதா, தொட்டுத் தடவினால் அடங்குகிறதா, நாடி எவ்வளவு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரைக்கும் மதிப்பெண், மொத்தம் பத்து. கேன்டீனில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் அதைத் தமிழில் எழுதினோம். பேசுகிற குழந்தைகளுக்காகச் சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரைக்கும் ஆறு முகம் நான் வரைந்தேன். ஆறாவது முகம் எங்கள் மேட்ரன் மாதிரி வந்துவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை. எட்டுப் படுக்கையிலும் தாளை மாட்டி, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுத ஆரம்பித்தோம்.

அந்த வாரமே பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் அந்தத் தாளை இரண்டு விரலால், செத்த பல்லியைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். "ஏழுன்னு போட்டிருக்கே, ஏழுன்னா?" வலி அதிகம், மருந்து வேண்டும் என்று அர்த்தம் என்றேன். "வலி மருந்து கொடுத்தா மூச்சு நின்னுபோகும். தெரியுமா?" எனக்கு வாய் சும்மா இருக்காது. "மூச்சை வென்டிலேட்டர்தானுங்களே விடுது டாக்டர்" என்றேன். பின்னால் நின்ற மாணவர்கள் இருமுகிற மாதிரி சிரித்தார்கள். அவர் தாளை நாலாக மடித்து என் கையில் வைத்தார். "ஏம்மா, ஐ.சி.யூ.வுக்குள்ள கிளி ஜோசியம் பார்க்க உனக்கு யாரு பர்மிஷன் கொடுத்தா?"

பரவாயில்லீங்க

தாளை டெம்பரேச்சர் சார்ட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்துத் தொடர்ந்தோம். ஆனால் அந்தத் தாளே எங்களைக் கவிழ்த்த கதையும் உண்டு. அன்னூர்ப் பக்கத்திலிருந்து ராணி என்று எட்டு வயதுப் பெண். டிராக்டர் டிரெய்லர் ஏறித் தொடை எலும்பு நொறுங்கி, வயிற்றுக்குள்ளும் அடி. எப்படி இருக்கிறது கண்ணு என்று எப்போது கேட்டாலும் "பரவாயில்லீங்க" என்பாள். எங்கள் பக்கத்து மரியாதை இருக்கிறதே, உயிர் போகும்போதும் 'ங்க' போடாமல் போகாது. சரி என்று ஆறு முகத்தையும் காட்டினேன். யோசிக்காமல் சிரிக்கிற முகத்தைத் தொட்டாள். வலி இல்லை என்று பூஜ்யம் போட்டுவிட்டேன். மறுநாள் சந்தேகம் வந்து, ஏன் இந்த முகம் என்று கேட்டதற்கு, "அதுதானுங்க பாக்க அழகா இருக்குது" என்றாள்.

நாடி நூற்றைம்பதிலிருந்து இறங்கவே இல்லை. டிராக்டருக்கும் தோட்டத்துக்கும் முதலாளியானவர் தினமும் வந்தார். டாக்டர்கள் அவரிடம் விவரம் சொன்னார்கள், அவரிடமே விவரம் கேட்டார்கள். ராணியின் அம்மா அவருடைய தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர். முதலாளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் இந்த அம்மா சுவரோரம் நிற்பார். நாலு நாளாக நின்றுகொண்டுதான் இருந்தார். நானும் நாலு நாளாக அவரைத் தாண்டித்தான் போய்வந்தேன். அன்றைக்குத்தான் புத்தி வந்து, "உங்க பொண்ணுக்கு வலிச்சா உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன். "கால் கட்டைவிரலை மடக்கிக்குமுங்க. சொல்லாது" என்றார். ஓடிப்போய்ப் போர்வையைத் தூக்கினேன். அடிபடாத காலின் கட்டைவிரல் வெளுத்துப் போகிற அளவுக்கு உள்ளே மடங்கியிருந்தது. நிர்மலா டாக்டர் ஊசி எழுதினார். அரை மணி நேரத்தில் விரல் தானாக நிமிர்ந்தது, நாடி இறங்கியது, பிள்ளை நாலு நாளில் முதல் தடவையாகத் தூங்கியது. தாளின் கடைசியில் 'அம்மாவைக் கேள்' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த அம்மாவை உள்ளே கூட்டிவந்து ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். உட்காராமலே சொன்னார். "எல்லாரும் அவருகிட்டத்தான் கேட்டீங்க. பெத்தவ நா இங்கயேதானுங்க நின்னுட்டிருந்தேன்."

இரண்டு சாவி

ஏழு வயது அமுதாவுக்கு ரத்தப் புற்றுநோய். எலும்புக்குள் பரவி, இனிச் செய்வதற்கு எதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. மெஷினில் போட வேண்டாம் என்று பெற்றவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வலி எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. போர்வை பட்டாலே துடித்தாள். நிர்மலா டாக்டர் மார்ஃபின் எழுதினார். ஆஸ்பத்திரியில் மார்ஃபின் இருந்தது. போதை மருந்துச் சட்டப்படி பூட்டின அலமாரிக்குள் இருந்தது. அதற்கு இரண்டு சாவி, எது கிடைத்தாலும் திறக்கலாம். ஒன்று சூப்பரின்டெண்டிடம், அவர் வெளியூர். இன்னொன்று பார்மசிஸ்ட் பழனிசாமியிடம். அவர் சூலூரில் சொந்தக்காரர் கல்யாணத்தில். ஆள் அனுப்பினால் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அமுதாவின் அப்பாவிடம் மொபெட் இருந்தது. யூனிபார்மோடு பின்னால் ஏறி உட்கார்ந்தேன். சிங்காநல்லூர் தாண்டுகிற வரைக்கும் அவர் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "பொழைக்க வெக்க முடியாதுன்னு சொல்லிப்போட்டீங்க, சரிங்க சிஸ்டர். வலிக்காம வெக்கறதுக்குக் கூடவா பூட்டுப் போடுவாங்க?"

மண்டபத்தில் பந்தி நடக்கிறது. பழனிசாமி இலையில் அப்போதுதான் சாம்பார் ஊற்றியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வந்து எடுத்துத் தாரேன் சிஸ்டர். லீவு நாள்ல தொறந்தா யாரு கையெழுத்துப் போடறது?" என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. "நீங்க நிதானமாச் சாப்பிடுங்க. நாங்க ரெண்டு பேரும் உங்க இலைக்கு முன்னாடியே நிக்கறோம். இவரு யாரு, எதுக்கு வந்திருக்காருன்னு கேக்கறவங்களுக்கெல்லாம் நான் சொல்லிட்டிருக்கேன்" என்றேன். பக்கத்து இலைக்காரர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். பழனிசாமி இலையை மூடினார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஊசி போட்டோம். பத்து நிமிஷத்தில் அமுதாவின் நெற்றிச் சுருக்கம் விட்டது. அம்மா மடி வேண்டும் என்றாள். காலையிலிருந்து தொடவே விடாத பிள்ளை. மடியில் போட்டுக்கொடுத்தோம். மறுநாள் சாயங்காலம் அந்த மடியிலேயே தூக்கத்தில் போய்விட்டாள். அவள் அப்பா எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். எதற்குக் கும்பிட வேண்டும்? காலையில் எட்டு மணிக்கே கிடைத்திருக்க வேண்டிய மருந்து. ஆறு மணி நேரம் அந்தப் பிள்ளை துடித்ததற்கு யார் பொறுப்பு என்று பார்மசிக்குப் போய்க் கத்தினேன். பழனிசாமி கெட்டவர் இல்லை. ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "கணக்குல ஒரு மார்ஃபின் ஆம்பியூல் கொறைஞ்சா என்னைய ஜெயில்ல போடுவாங்கம்மா. கொழந்தை துடிச்சா யாரையும் ஜெயில்ல போட மாட்டாங்க."

நிஜ வலி

பெரிய டாக்டருக்குச் சிறுநீரகத்தில் கல். ஒருநாள் மத்தியானம், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலி வந்துவிட்டது. நாற்காலியிலிருந்து சரிந்து, மேஜைக்கடியில் உருண்டு, அம்மா அம்மா என்று அவர் கத்தியதை வராந்தாவே கேட்டது. தூக்கிக்கொண்டு போய் முதல் மாடியில் போட்டார்கள். ஐந்து நிமிஷத்துக்குள் வலி ஊசி. யாரும் அவரைக் கிள்ளிப் பார்க்கவில்லை. நரம்பு வளர்ந்துவிட்டதா என்று கேட்கவில்லை. மூச்சு நின்றுவிடுமே என்று யோசிக்கவில்லை. ஓடி ஓடி ஊசி எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. வலியில் இருக்கிறவருக்கு மருந்து கொடுக்கத்தானே படித்தேன்.

மூன்றாம் நாள் தேறி உட்கார்ந்திருந்தார். ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று நானும் நிர்மலா டாக்டரும் போனோம். "அன்னைக்கு எப்படி இருந்துதுங்க டாக்டர்?" என்று கேட்டேன். "சொல்லவே முடியாதும்மா. எதிரிக்கும் வரக்கூடாது" என்றார். எனக்கே பாவமாக இருந்தது. "நம்ம வார்டுப் பிள்ளைங்களுக்கும் சொல்ல முடியாதுங்க. அந்தத் தாளை வெளியில மாட்டிக்கட்டுங்களா?" என்றேன். நிர்மலா டாக்டர் என் கையை இறுக்கிப் பிடித்தார். பெரிய டாக்டர் ரிடையர் ஆகி, நிர்மலா டாக்டர் பொறுப்புக்கு வந்த பிறகுதான் அந்தத் தாள் எட்டுப் படுக்கையிலும் வெளிச்சத்துக்கு வந்தது. அதுவரைக்கும் சார்ட்டுக்குப் பின்னால்தான் குடித்தனம். ஏனென்றால் அன்றைக்கு அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்ன பதில் இது. "அதையும் இதையும் போட்டுக் குழப்பாதே சிஸ்டர். எனக்கு வந்தது நிஜ வலி."

ஆக, வலி எவ்வளவு பெரியது என்பது படுத்திருப்பவர் எவ்வளவு பெரியவர் என்பதைப் பொறுத்தது என்கிற இந்த மருத்துவ உண்மையை எந்தப் பாடப் புத்தகமும் அச்சில் போடாதது பெரிய குறைதான்.